அம்பாரத்தின் மேல் அண்ணன்

மக்களாட்சியை நான்கு தூண்கள் தாங்குகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் யாரும் மாசி மாதத்தில் கீழ்வேளூர்ப் பக்கம் வந்து பார்த்ததில்லை. இங்கே அதைத் தாங்குவது சவுக்குக் கம்பு. நெடுக்கே சில, குறுக்கே சில, இறுக்கிக் கட்டச் சணல் கயிறு, அதன்மேல் சிரித்த முகமும் கூப்பிய கையுமாக ஒரு தலைவர். இந்தச் சட்டகம் காற்றில் சாயாத வரையில் நாட்டில் எதுவும் சாயாது.

அரசங்காடு கிராமத்தில் அதைச் சாயாமல் காக்கும் பெரும்பொறுப்பு பக்கிரியிடம் இருந்தது. அவர் கட்சியின் கிளைச் செயலாளர். முப்பது வருஷமாக அதே பதவி. நடுவில் கட்சி இரண்டாக உடைந்தது, பிறகு ஒட்டிக்கொண்டது. கொடியில் ஒரு கோடு கூடியது. கொள்கையில் இரண்டு குறைந்தன. பக்கிரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார், ஏனென்றால் அவரை யாரும் நகரச் சொல்லவில்லை. காகிதச் சீட்டுக் காலத்திலிருந்து மெஷின் காலம் வரை அவர் கை வேறொரு சின்னத்தின் பக்கம் போனதே கிடையாது. சாவடிக்குள் போய் வெளியே வர அவருக்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் செருப்பைக் கூடக் கழற்றி முடித்திருக்க மாட்டார்கள்.

தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்துவிட்டால் பதாகை வைக்க ஆயிரம் கட்டுப்பாடு வந்துவிடும். ஆகவே அறிவிப்பதற்கு முன்பே மக்களின் மனத்தை மாற்றி முடித்துவிட வேண்டும் என்பது கட்சியின் முடிவு. கல்லூரி ஒன்றும் கல்யாண மண்டபம் இரண்டும் நடத்தி ஏழைகளுக்குத் தொண்டாற்றிவரும் அண்ணன் ராஜராஜன் இந்தத் தொகுதியில் நிற்கப்போவது உறுதியாகியிருந்தது. 'கடைமடையின் கர்ணனே' என்று பஸ் நிறுத்தத்தில் ஒன்று, 'வயல்களின் வசந்தமே' என்று வாய்க்கால் மதகில் ஒன்று, 'வருக வருக' என்று, யார் எங்கே வர வேண்டும் என்பது விளங்காத ஒன்று சுடுகாட்டுப் பாதையில், ஊருக்குள் இன்னும் இரண்டு. எல்லாம் பக்கிரி ஏறிக் கட்டியது.

இவற்றுக்கு நடுவே ஒழிந்த நேரத்தில் அவர் விவசாயமும் செய்துவந்தார். கோயில் நிலம், குத்தகை. இந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. மெஷின் விட்டு அறுத்து, நெல்லைக் கொண்டுபோய் ஊர்க் கொள்முதல் நிலையத்துக் களத்தில் அம்பாரமாகக் கொட்டியாகிவிட்டது. குத்தகை அளந்தது போக மிச்சம் இதுதான். அவரும் அவர் மனைவி தங்கம்மாளும் அடுத்த சம்பா வரை சாப்பிட வேண்டியதும், உடுத்த வேண்டியதும், உடம்புக்கு வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது.

கொள்முதல் நிலையம் சீராக இயங்கிக்கொண்டிருந்தது. முதலில் சாக்கு வரவில்லை. சாக்கு வந்தபோது லாரி வரவில்லை. லாரி வந்தபோது சாக்கு தீர்ந்துவிட்டது. இந்த ஒழுங்கு மாறாமல் நடந்ததால் களத்தில் ஊர் நெல் முழுவதும் வானத்தைப் பார்த்தபடி வரிசையாகக் காத்திருந்தது. தங்கம்மாள் தன் அம்பாரத்தின் பக்கத்திலேயே குடியிருந்தாள்.

இப்படி இருக்கையில் அண்ணனின் கல்யாண மண்டபத்தில் 'வாக்காளர் மனமாற்றக் கலந்தாய்வு' நடைபெற்றது. நடத்தியவர் பூவிழி. சென்னையிலிருந்து வந்த இளம்பெண். கையில் டேப்லட், கழுத்தில் அடையாள அட்டை, அதில் 'மண்டல வாக்காளர் உணர்வுப் பகுப்பாய்வாளர்' என்ற பதவி. மண்டபத்துச் சமையற்கட்டைக் காலி செய்து அங்கே 'போர் அறை' அமைத்திருந்தார்கள். போரில் ஈடுபட்டிருந்த ஏழெட்டுப் பேர் மடிக்கணினிகளுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு பேனர், இருநூத்திப் பதினாலு ஓட்டு," என்றாள் பூவிழி. "இது நாங்க கண்டுபிடிச்சது. ஒரு ஆளு ஒரு முகத்தத் திரும்பத் திரும்பப் பாத்தா அந்த முகத்து மேல ஒரு பாசம் வந்துடும்."

கூட்டம் வியந்தது. இருபது வருஷமாகத் தங்கள் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துவரும் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கிரி எழுந்தார். "பாப்பா, எங்க ஊர்ல மொத்தமே எழுநூறு ஓட்டுதான். அஞ்சு பேனர் கட்டியிருக்கேன். உன் கணக்குப்படி ஆயிரத்துக்கு மேல போவுதே?"

"சூப்பர்ண்ணே! அப்ப உங்க ஊர் ரொம்ப சேஃப்."

பக்கிரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் இல்லாத ஆட்களின் ஓட்டையும் சேர்த்து வாங்கிக் கொடுத்த கிளைச் செயலாளர் மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெருமை நிலைக்கவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் மதகில் கம்பு இருந்தது, அண்ணன் இல்லை. அடுத்து பஸ் நிறுத்தத்திலும் இல்லை. வார முடிவுக்குள் ஊரில் ஒரு பதாகையும் இல்லாமல் போனது. எதிர்க்கட்சி வேட்பாளராகப் போகிற புகழேந்தியின் பதாகைகளும் காணோம். வெறும் கம்புகள் மட்டும் நின்றன.

போர் அறை அதிர்ந்தது. முதலில் சதி என்றார்கள். புகழேந்தியையும் காணவில்லை என்று தெரிந்ததும் சதியைக் கைவிட்டு, 'மக்கள் அன்பின் மிகுதியால் அண்ணனைத் தத்தம் இல்லங்களுக்கே அழைத்துச் சென்றுவிட்டனர்' என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆயினும் முறைப்படி விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவில் ஒரே உறுப்பினர், பக்கிரி.

குழு அதிக தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனது. போய்ப் பார்த்துத் தூக்கைக் கீழே வைத்தது.

களத்தில் ஓர் அம்பாரத்துக்கு ஒரு தலைவர். ஒருவர் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் நெல்லின் சரிவில் தலைகீழாகக் கும்பிட்டார். தங்கம்மாளுக்கு அடுத்து நெல் கொட்டியிருந்த காத்தாயியின் குவியலில் புகழேந்தி இடுப்பு வரைக்கும்தான் இருந்தார். மீதி நெல்லுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. தங்கம்மாள் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"பாத்தா தெரியலியா? ஒங்க அண்ணன்."

"பக்கத்துல யாரு?"

"புகழேந்தி. ஒங்க அண்ணன் ஒருத்தரால முழுசா மூட முடியலங்க. ஒரு பக்கம் நெல்லு வெளிய தெரிஞ்சுது. அதான் அவரையும் சேத்துத் தச்சுட்டேன்."

ஒரு கல்யாணப் பந்தியில் கூடச் சேர்ந்து உட்காராத இருவரைச் சேர்த்துவைக்க இரண்டு கட்சித் தலைமைகளும் பேசிப் பார்த்து முடியாதென்று விட்டதை, இவள் ஒரு முழச் சணலில் முடித்திருந்தாள்.

"பேனரு கட்சி சொத்துடி."

"நெல்லு யாரு சொத்து?"

பக்கிரி குரலைத் தாழ்த்தினார். "மூடறதுக்குப் படுதா கேட்டியா?"

"கேக்காமலா? வாடகப் படுதா எல்லாம் போயிடுச்சாம். நெலையத்துல இருக்கறது அவங்க வாங்கி வச்ச மூட்டைக்கே பத்தல. முந்தாநாளு ராத்திரி தூறுச்சே, ஒரு நெல்லு நனையல. கைய விட்டுப் பாருங்க."

அவர் அண்ணனின் தோள்பட்டையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். நெல் காய்ந்து கலகலவென்று இருந்தது. பக்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் கட்சி தனக்கு என்ன செய்தது என்று தங்கம்மாள் கேட்கும்போதெல்லாம் அவர் வரலாற்றைத்தான் சொல்லிவந்தார். இன்றைக்குத்தான் ஒரு தலைவர் தன் குடும்பத்தின் மேல் நேரடியாகப் படுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த அம்பாரத்திலிருந்து காத்தாயி குரல் கொடுத்தாள். "அண்ணே, அடுத்த வாட்டி கொஞ்சம் கெட்டியா அடிக்கச் சொல்லுங்க. ஒங்க ஆளு வெயில்ல வெடிச்சுப் போறாரு. புகழேந்தி நல்லா ஒழைக்கிறாரு."

விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கூர்ந்து எடைபோடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பக்கிரி இதை அப்படியே போர் அறைக்குத் தெரிவித்தார். 'பதாகைகள் அனைத்தும் மக்கள் பயன்பாட்டில் உள்ளன' என்பது அவர் அறிக்கையின் சாரம். பூவிழி ஓடிவந்து டிரோன் விட்டாள். மேலிருந்து எடுத்த படம், 'உழவரின் உழைப்பைப் போர்த்தும் அண்ணன்' என்ற வாசகத்தோடு எல்லாருடைய செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு அண்ணன் ராஜராஜன் மிகவும் மகிழ்ந்திருந்தார்.

அதற்குள் யாரோ படத்தைப் பெரிதாக்கித் தங்கம்மாளின் அம்பாரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார்கள். 'ரகசியக் கூட்டணி அம்பலம்!'

மறுநாள் அண்ணனே நாலு காரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு வேன். கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"பக்கிரி, இது யாரு நெல்லு?"

"என்னோடதுதாண்ணே."

"எம் மூக்கையும் அவன் காதையும் சேத்துத் தச்சிருக்கு, பாத்தியா? தலைமைலேருந்து மூணு போனு. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நெல்லு கொஞ்சம் பெருசாப் போச்சுண்ணே. அதான்..."

"எல்லாத்தையும் எடுத்துடு. இளைஞர் அணி கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி மறுபடி கம்புல கட்டட்டும். எம் மொகம் தரையில கெடக்கக் கூடாது."

"மழ வர்ற மாதிரி இருக்குண்ணே."

"மழைய நான் பாத்துக்கறேன்," என்றார் அண்ணன். "எல்லாருக்கும் புதுப் படுதா அனுப்புறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும். நீ நம்ம ஆளு, பக்கிரி. நீ சொன்னா ஊரு கேக்கும்."

தோளில் தட்டினார். அண்ணன் தோளில் தட்டியதை இருபது பேர் பார்த்தார்கள். பக்கிரி களத்து நடுவில் போய் நின்றார்.

"அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு. படுதா வருது. நான் பொறுப்பு."

"படுதா வந்த பொறவு இத எடுத்தா என்னண்ணே?" என்று காத்தாயி கேட்டாள்.

பெரிய காரியங்களில் இப்படி வரிசையை மாற்றிக் கேட்பது நிர்வாகம் தெரியாதவர்களின் வழக்கம். அண்ணனோடு வந்தவர்கள் பெருந்தன்மையோடு சிரித்தார்கள். முன்மாதிரியாக இருக்க வேண்டி, பக்கிரி தன் அம்பாரத்திலிருந்தே தொடங்கினார். தங்கம்மாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளு விடச் சொல்லுங்களேன்."

"கட்சி மானம்டி. எறங்கு."

"எனக்கு அந்த மானமெல்லாம் தெரியாது. கெழக்க பாருங்க."

"நாலு பேரு முன்னாடி என்னக் கேவலப்படுத்தாத, தங்கம்."

அவள் இறங்கினாள். கட்சிக்காக இறங்கவில்லை, இவர் முகத்துக்காக இறங்கினாள். பக்கிரி பிளேடால் அவள் போட்ட தையலைப் பிரித்தார். சணலை முடிச்சு முடிச்சாக அறுத்தார். அவர் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருட்டப்பட்டு வேனில் ஏறினார்கள். புகழேந்தியையும் சேர்த்துத்தான், களம் ஒரேயடியாகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

சாயங்காலம் பக்கிரி போன் செய்தார். படுதா கிளம்பிவிட்டது என்றார்கள். மறுபடி செய்தார். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை அண்ணனின் குரலே பாட்டுக்குப் பிறகு வந்து, 'உங்கள் வாக்கு எனக்கே' என்று கேட்டுக்கொண்டது. அது பதிவு செய்த குரல்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை இறங்கியது. மாசியில் இப்படி ஒரு மழை பெய்யக் கூடாது, பெய்தது. இருந்த இரண்டு சாக்கைப் போட்டார்கள். அவர் வேட்டியை அவிழ்த்துப் போட்டுத் துண்டோடு நின்றார். தங்கம்மாள் ஓடிப்போய் வீட்டிலிருந்த புடவைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள், கல்யாணப் புடவை உட்பட. புடவை நெல்லை மூடும், மழையை மூடாது. கரைந்து ஓடிய நெல்லைக் கையால் வாரி வாரிக் குவியலில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாரியதைவிட ஓடியது அதிகம். தங்கம்மாள் அழவில்லை, திட்டவில்லை, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தன் கையால் பிரித்தோம் என்ற நினைப்பு அவரை அறுத்தது.

காலையில் மழை நின்றது. நிலையத்து ஆள் வந்தார். ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கூட வெளியே எடுக்கவில்லை. அம்பாரத்தில் கையை விட்டார், எடுத்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "காய வச்சிக் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். ஊறி உப்பிய நெல் உள்ளுக்குள் சூடேறிப் புளித்த வாடை அடித்தது. அது காய்ந்தாலும் இனி அரிசி ஆகாது என்று களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். காத்தாயி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இந்த இடத்தில் கட்சி காட்டிய வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. காத்தாயியின் அழுகை ஓய்வதற்குள் வேன் வந்துவிட்டது. படுதா அல்ல, பதாகை. ஊர் இதுவரை கண்டிராத அளவு. விரித்தால் களத்தில் பாதி வரும் போலிருந்தது. அதில் அண்ணன் நனைந்த நெல்லைக் கையில் அள்ளிக் கண்ணீர் மல்க நின்றார். மேலே பெரிய எழுத்தில், 'மழையில் நனைந்தது நெல். மனம் நனைந்தது நீ!'

"அண்ணன் மத்தியானம் ஆறுதல் சொல்ல வர்றாரு. அதுக்குள்ள கட்டிடுங்க பக்கிரிண்ணே," என்றாள் பூவிழி.

பக்கிரி களத்து ஓரத்தில் நட்டிருந்த கம்பில் ஏறினார். பழக்கப்பட்ட கை அதுபாட்டுக்கு முடிச்சுப் போட்டது. வேன் டிரைவர் கீழிருந்து மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தான். இளந்தாரி, ஊருக்குப் புதுசு.

"ராத்திரியோட ராத்திரியா அடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டார் பக்கிரி.

"ராத்திரி எங்கங்க அடிக்கிறது? மழ வரும்னு டிவில சொன்னப்பவே திருச்சில அடிச்சு வாங்கிட்டாங்க. போன வாரத்திலேருந்து வண்டிலதான் கெடக்கு. கால நீட்ட எடமில்ல. நேத்து இங்க பேனரு ஏத்த வந்தப்பகூட இத ஓரமாத் தள்ளிட்டுத்தான் ஒங்களோடத ஏத்துனேன்."

எவ்வளவு பெரிய தொலைநோக்கு! மழை பெய்யும் முன்பே கண்ணீர் தயார். நெல் நனையும் முன்பே மனம் நனைந்தாகிவிட்டது. இப்படி ஒரு தலைமை வாய்த்த தொகுதிக்கு இனி என்ன குறை? கம்பின் மேலிருந்த பக்கிரி பதாகையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல கெட்டி. ராத்திரி வேனுக்குள் ஒழுகிய தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது; ஒரு பொட்டு உள்ளே இறங்கவில்லை. சுருட்டியிருந்த உள்பக்கம் உலர்ந்து கிடந்தது.

கீழே பூவிழி டேப்லட்டைத் திறந்துகொண்டு தங்கம்மாளிடம் போனாள். பதாகை வைத்த சூட்டோடு கருத்துக் கேட்டால்தான் ஆய்வு துல்லியமாக இருக்கும்.

"அம்மா, ஒரே ஒரு கேள்விம்மா. இந்த பேனரப் பாத்ததும் ஒங்க மனசுல ஏதாவது மாறுதல் தெரியுதா? ஆமா, இல்ல, சொல்ல விரும்பல. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

தங்கம்மாள் தலையைத் தூக்கி, அண்ணனின் இடது முழங்கையிலிருந்து வலது முழங்கை வரை பார்த்தாள். பிறகு தன் அம்பாரத்தைப் பார்த்தாள். பிறகு காத்தாயியுடையதைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருதையும் மூடியிருக்கும்மா," என்றாள்.

அப்படி ஒரு பதிலுக்குக் கட்டம் இல்லை. பூவிழி 'சொல்ல விரும்பவில்லை'யைத் தொட்டுவிட்டு டேப்லட்டை மூடினாள். அவள் கெட்ட பெண்ணில்லை. குனிந்து, காலடியில் சிதறிக் கிடந்த நெல்லை ஒரு கை அள்ளி அம்பாரத்தில் போட்டாள். பிறகு வேனை நோக்கி நடந்தாள்.

"பாப்பா, என்னைய ஒண்ணும் கேக்கலியே?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒங்கள எதுக்குண்ணே கேக்கணும்? முப்பது வருஷமா நம்ம ஓட்டு. பேனரப் பாத்து மனசு மாறுற ஆளா நீங்க?"

பக்கிரி போட்ட முடிச்சை அவிழ்த்தார். பதாகை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

"மாறிடுச்சு பாப்பா," என்றார். "எழுதிக்க."